ஸ்கேன் நாளில் வெச்ச நிய்யத்து

அந்த அக்கரைப்பற்றுக்காரிய எனக்குப் புடிக்காது. அவ எனக்கு ஒரு கெடுதியும் செய்யல்ல, அதையும் இப்பவே சொல்லிப்போடுறன். பெருநாளைக்குப் பெருநாள் என்ட மகளுக்கு உடுப்பு அனுப்புவா. மாசத்துக்கு ஒருக்கா போன்ல வொய்ஸ் போட்டு, "ராத்தா, மகள்ட சீனி எப்படிப் போகுது?" எண்டு கேப்பா. குரல் கித்துள் பாணி மாதிரி இனிக்கும். அந்த இனிப்புத்தான் எனக்கு ஆகாது. நல்லா இருக்கிற ஆள் காட்டுற பரிவை வாங்கி வெச்சுக்கொள்ள ஒரு பெரிய மனசு வேணும். அது எனக்கு இல்ல.

எங்கட சாய்ந்தமருதுல பொறாமை எண்டு ஆரும் பெரிசாச் சொல்லுறதில்ல. எரிச்சல் எண்டுதான் சொல்லுற. "அவளுக்குச் சரியான எரிச்சல்" எண்டால் எல்லாருக்கும் விளங்கும். எனக்கு ஆறு வருசமா நெஞ்சுக்குள்ள இருந்தது அதுதான். மத்தவங்கட வீடு, நகை, மாப்பிள்ளை எதைப் பாத்தும் எனக்கு வந்ததில்ல. அவட மகன்ட வயித்துக்குள்ள இருந்த ஒரு சின்னப் புள்ளியப் பாத்துத்தான் வந்திச்சு.

என்ட மகள் பொறந்து மூணாம் நாள் கையும் காலும் வெட்டி இழுத்திச்சு. குதிக்கால்ல குத்திப் பாத்த நேர்ஸ், மிஷின் பிழையாக்கும் எண்டு மற்ற மிஷினை எடுத்து இன்னொருக்காக் குத்தினா. ரெண்டும் ஒண்டுதான் சொல்லிச்சு. புள்ளட ரத்தத்தில சீனி இல்ல. குளுக்கோஸ் ஏத்தினால் கூடும், நிப்பாட்டினால் விழும். ஏத்தினதெல்லாம் எங்கதான் போகுதெண்டு எங்களுக்கு விளங்கல்ல.

கணையம் எண்டு ஒண்டு இரைப்பைக்குப் பின்னால கிடக்காம். அதுதான் இன்சுலின் சுரக்கிறது. சாப்பிட்டால் சுரக்கும், பசிச்சால் நிப்பாட்டிரும். என்ட புள்ளட கணையத்துக்கு நிப்பாட்டத் தெரியாது. பசியோட கிடக்கிற நேரத்திலயும் சுரந்து சுரந்து, ரத்தத்தில இருக்கிற கொஞ்சச் சீனியையும் முடிச்சுப்போடும். மூளைக்குத் தீன் இல்லாமப் போகும். அப்பதான் இழுப்பு வரும். ரெண்டு தரம் கூட இழுத்தால் மூளை பழுதாப் போயிரும், அதுக்குப் பிறகு நாங்க என்ன செய்தும் வேலையில்ல எண்டு டொக்டர் ஒளிக்காமச் சொன்னார்.

இதை ஊருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! "சீனியில பிரச்சினை" எண்டு வாய் தவறி ஒரு ஆள்ட்டச் சொன்னன். பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள தெருவெல்லாம், "பச்சப் புள்ளைக்குச் சீனி வருத்தமாம்" எண்டு போயிரிச்சு. எங்க ஊரில வீட்டுக்கு ஒரு ஆளுக்குச் சீனி வருத்தம். அதனால எல்லாரும் டொக்டர்தான். ஒரு ஆள் பாவற்காய் கொண்டு வந்தா. இன்னொரு ஆள் கோவைக்காய்ச் சாறு பருக்கச் சொன்னா. மகள் நடக்கத் தொடங்கின காலத்தில ஒரு கலியாண வீட்டில அவள் கையில இருந்த மஸ்கற் இனிப்புத் துண்டை ஒரு பொம்புள பறிச்செடுத்தா. "கொடுக்காத புள்ள, சீனி கூடிரும்!" எண்டு எனக்குப் புத்தி வேற. "கூடட்டும்! கூடட்டும் எண்டுதானே நாங்க மருந்து ஊத்துறம்! குடுங்க அதை!" எண்டு நான் கத்தின கத்தில மாப்பிள்ளை வீட்டாக்கள் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு வெட்கம் வரல்ல.

அந்த அக்கரைப்பற்றுக்காரியச் சந்திச்சது கொழும்பில, புள்ளையள்ட ஆஸ்பத்திரியில. பக்கத்துக் கட்டில். என்ட மகளுக்கு அப்ப ஆறு மாசம், அவட மகனுக்கு ஏழு. அதே வருத்தம். ஆயிரத்தில் ஒண்டு கூட இல்லாத இந்த வருத்தம், நம்மட பக்கத்துப் புள்ளைக்கே வந்து பக்கத்துக் கட்டில்லயே கிடக்குது எண்டதும் முதல்ல சந்தோசமாத்தான் இருந்திச்சு. கதைக்க ஒரு ஆள் கிடைச்சிச்சே. அவவும் ராத்தா தங்கச்சி எண்டு ஒட்டிக்கொண்டா.

பிறகுதான் பாத்தன், குத்திப் பாக்கிற நேரமெல்லாம் என்ட கண் அவட மகன்ட சீனி எழுதுற அட்டைக்குத்தான் போகுது. அவனுக்கு எழுபது, என்ட மகளுக்கு நாப்பத்தஞ்சு. அவனுக்கு அறுபத்தெட்டு, இவளுக்கு அம்பது. பள்ளிக்கூடத்தில மார்க்ஸ் பாக்கிற மாதிரி. அவன் குண்டுப் புள்ள. நேர்ஸ்மார் போக வரக் கன்னத்தைக் கிள்ளுவாங்க. என்ட புள்ளைய ஆரும் கிள்ளல்ல, குத்தத்தான் வந்தாங்க.

பெரிய டொக்டர் ஒருநாள் எங்க ரெண்டு பேரையும் ஒண்டா இருத்திக் கதைச்சார். ஒரு கடதாசியில கணையத்தைக் கீறினார். எனக்கு அது நீட்டுக் கொச்சிக்காய் மாதிரி, பச்சை மிளகாய் மாதிரி இருந்திச்சு. இந்த வருத்தம் ரெண்டு விதமாம். ஒண்டு, கொச்சிக்காய் முழுக்கப் பழுது. மற்றது, ஒரே ஒரு இடத்தில மட்டும் பழுது, மிச்சமெல்லாம் நல்லம். பேனையால ஒரு புள்ளி குத்திக் காட்டினார். புள்ளியா இருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப்போடலாம், புள்ள அண்டையோட சுகம். முழுக்கப் பழுதெண்டால் மருந்தும் ஊசியும்தான், எத்தினை வருசமெண்டு அவருக்கும் தெரியாது. ரெண்டு புள்ளைக்கும் ரத்தம் அனுப்பிப் பாத்ததில, வாப்பாட பக்கத்தால மட்டும் பரம்பரைப் பிழை வந்திருக்காம். அப்படியெண்டால் புள்ளியா இருக்கக் கூடுதலான இடமிருக்கு எண்டார்.

"அப்ப அதை எப்படி டொக்டர் கண்டுபுடிக்கிற?" எண்டு நான் கேட்டன்.

சும்மா ஸ்கேன்ல தெரியாதாம். நல்ல இடமும் பழுதான இடமும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் கிடக்குமாம். ஒரு மருந்தை ஊசியால ஏத்தி, அந்த மருந்தை ஆர் கூட இழுத்து எடுக்கிற எண்டு மிஷின்ல பாக்க வேணுமாம். பழுதான இடம் இழுத்தெடுத்து வெளிச்சமாத் தெரியும். பெட் ஸ்கேன் எண்டு பேர். இந்த வருத்தத்துக்கான அந்த மருந்து இந்தியாவில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில செய்வாங்க, செய்து கொஞ்ச மணித்தியாலத்தில அது வீணாப் போயிரும். அதனால ரெண்டு புள்ளையளையும் ஒரே நாளில கூப்பிடுவாங்க எண்டார். ஜும்மாவில எங்களுக்காக அறிவிச்சாங்க, ஊர் காசு சேத்து அனுப்பி வெச்சிச்சு. அந்த நன்றிக்கடன் எனக்குக் கிடக்கு.

அங்க போனால் நேர்ஸ்மார் கதைக்கிற பாஷை எனக்கு ஒண்டும் விளங்கல்ல. அவக்கு இங்கிலீஷ் வரும். அதுக்கும் எனக்கு எரிச்சல். என்ட புள்ளைய என்ன செய்யப் போறாங்க எண்டதையும் நான் அவட வாயாலதான் கேக்க வேண்டியிருந்திச்சு. ஸ்கேன் நாள் காலத்தால நேர்ஸ் வந்து என்னமோ சொல்லிப்போட்டுப் போனா. அக்கரைப்பற்றுக்காரி என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு, "ராத்தா, புள்ளையளுக்கு இண்டைக்கு நோன்பாம்" எண்டா. படம் தெளிவா விழ வேணுமெண்டால் மணிக்கணக்கா வாயில ஒண்டும் வெக்கக் கூடாதாம். சீனி விழாம இருக்கக் கையில குளுக்கோஸ் ஏறும். வாய்க்கு மட்டும் நோன்பு.

பதினொரு மாசப் புள்ளைக்கு நோன்பெண்டால் என்ன தெரியும்? என்ட மகள் என்ட சட்டையப் புடிச்சு இழுத்து இழுத்து அழுதாள். பால் கசிஞ்சு அபாயா நனைஞ்சிச்சு. அவட மகன் அங்க தோள்ல படுத்து நித்திரை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த நீட்டு விறாந்தையில நடந்தன். பிறகு மருந்தை ஏத்தினாங்க, மயக்கினாங்க, ஒண்டுக்குப் பிறகு ஒண்டா மிஷினுக்குள்ள கொண்டு போனாங்க. எங்களை உள்ள விடல்ல.

வெளியில ஒரு மூலையில துப்பட்டிய விரிச்சுப்போட்டு ரெண்டு பேரும் தொழுதம். அவ கையேந்தி, எனக்கும் கேக்கிற மாதிரி, "யா அல்லாஹ், எங்கட ரெண்டு புள்ளைக்கும் அந்தப் புள்ளியக் குடு" எண்டு அழுதா. நானும் கையேந்தித்தான் இருந்தன். நான் கேட்டதை மட்டும் அவக்குக் கேக்காமக் கேட்டன்.

ரெண்டு நாள் கழிச்சுப் படத்தைக் காட்டினாங்க. முதல்ல அவட மகன்ட. கறுப்புக்குள்ள கொச்சிக்காய் மங்கலாத் தெரிஞ்சிச்சு, வால் பக்கத்தில ஒரு மஞ்சள் புள்ளி. கடுகை வெச்ச மாதிரி. டொக்டர் அதைச் சுத்தி விரலால வட்டம் போட்டுக் காட்டினார். அவ வாயைப் பொத்திக்கொண்டா. அடுத்தது என்ட மகள்ட. முழுக் கொச்சிக்காயும் தலையிலருந்து வால் வரைக்கும் ஒரே மாதிரி வெளிச்சம். நான் அந்தப் படத்தில புள்ளி தேடினன். "இன்னொருக்காப் பாருங்க, டொக்டர், இந்த இடம் கொஞ்சம் கூட வெளிச்சமா இருக்கெல்லோ?" எண்டு தமிழில கேட்டன். அவருக்கு விளங்கல்ல. அவ இங்கிலீஷ்ல கேட்டா. டொக்டர் இல்ல எண்டு தலையை ஆட்டினார்.

அவ என்னைக் கட்டிப் புடிச்சு அழுதா. தன்ட மகனுக்குப் புள்ளி கிடைச்ச சந்தோசத்தையும் விட்டுப்போட்டு எனக்காக அழுதா. எனக்கு அவவத் தள்ளி விட வேணும் போல இருந்திச்சு. ஒருத்தர்ட நல்லதைப் பாத்தால் மாஷா அல்லாஹ் எண்டு சொல்ல வேணும், இல்லாட்டிக் கண் பட்டிரும். சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச விசயம். அண்டைக்கு என்ட வாயில அது வரல்ல. அந்தக் கிழமையே அவனுக்கு ஒபரேசன் செய்து புள்ளிய எடுத்தாங்க. நாங்க பெரிய மருந்துப் பெட்டியோட ஊருக்கு வந்தம்.

அதுக்குப் பிறகு ஆறு வருசம். நாளைக்கு எத்தினை தரமெண்டு விரலில குத்துறது, துடையில ஊசி, கோன்பிளவர் எண்ட பச்சைச் சோள மாவைத் தண்ணியில கரைச்சு நேரத்துக்கு நேரம் பருக்கிறது. வேகாத மா வயித்துக்குள்ள மெதுவாக் கரைஞ்சு சீனிய இழுத்துப் புடிக்கும். நேரம் தப்பினால் போச்சு. பள்ளிக்கூடத்தில நான் ஒவ்வொரு இன்டர்வலுக்கும் கேட்டடியில நிப்பன். அங்க அவட மகன் கடப்பாசி இனிப்புத் தின்னுறான், விளையாட்டுப் போட்டியில ஓடுறான், எல்லாம் ஸ்டேட்டஸ்ல வரும். நான் ஒண்டும் விடாமப் பாப்பன். பாத்துப்போட்டு, "அவக்கென்ன, குடுத்து வெச்சவ" எண்டு சத்தமாச் சொல்லுவன்.

"புள்ள கேட்டுக்கொண்டு இரிக்கிறாள்" எண்டு என்ட மாப்பிள்ளை, மகள்ட வாப்பா, நூறு தரம் சொல்லியிருப்பார். அவர் அரிசி மில்லில வேலை, அளந்துதான் கதைப்பார். "கேட்டால் கேக்கட்டும், நான் என்ன பொய்யா சொன்னன்?" எண்டு நான் அவர்ட வாயை அடைச்சுப்போடுவன்.

இந்த நோன்பில, ஏழாம் நோன்பு அண்டைக்கு, கஞ்சிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு இருக்கக்குள்ள அவட வொய்ஸ் வந்திச்சு. கை நனைஞ்சு கிடந்ததால மகள்தான் போனைத் தட்டி ஸ்பீக்கர்ல போட்டாள். "ராத்தா, அல்ஹம்துலில்லாஹ், மகன் நேத்து முதல் நோன்பு புடிச்சிட்டான் ராத்தா! முழு நோன்பு! எங்கட புள்ளையள் கிடந்த கிடையில இப்படி ஒரு நாளை நான் நினைச்சும் பாக்கல்ல." பின்னால ஒரு போட்டோ. புதுத் தொப்பி, கழுத்தில மாலை, பக்கத்தில பெரிய கேக். அவன் பல்லுப் போன வாயால சிரிக்கிறான்.

எனக்குக் கண்ணால வடிஞ்சது வெங்காயத்தாலயா எரிச்சலாலயா எண்டு எனக்கே தெரியாது. எங்க ஊரில ஒரு புள்ளட முதல் நோன்பெண்டால் சும்மாவா? மூமா, மாமி, சொந்தக்காரர் எல்லாரும் வந்து கொஞ்சுவாங்க, சட்டையில காசு குத்துவாங்க. ஊரே ஒரு மாசம் பசியைக் கொண்டாடுது. என்ட புள்ளைக்குப் பசி நஞ்சு. "இவள் ஒரு நோன்பு புடிச்சுப் பாக்க எனக்கு அல்லாஹ் எழுதல்ல" எண்டு கத்தியை வெச்சுப்போட்டு அழுதன். மகள் போனைத் திருப்பித் தந்தாள். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டு விட்டன்.

அடுத்த நாள் காலத்தால கோன்பிளவர் கிளாஸை நீட்டினன். "நானே குடிக்கிறன் உம்மா, நான் பெரிய புள்ளதானே" எண்டு வாங்கிக்கொண்டு பின் வாசலுக்குப் போனாள். வெறும் கிளாஸைக் கொண்டு வந்து தந்தாள். எனக்குப் பெருமை வேற. பிறகு பிஸ்கட் குடுத்தன், அதையும் அறைக்குக் கொண்டு போனாள். குத்திப் பாக்கக் கூப்பிட்டதுக்கு, "ஓதிப்போட்டு வாறன்" எண்டாள். நோன்பு நாளில ஓதுற புள்ளைய ஆர் தடுப்பா?

நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லக்குள்ள அறைக்குப் போய்ப் பாத்தன். தொழுகைப் பாயில சுருண்டு கிடந்தாள். சட்டையெல்லாம் வேர்வையில தொப்பம். கண் திறந்துதான் இருந்திச்சு, என்னைப் பாக்கல்ல. குத்தினன், முப்பத்தொண்டு. தேன் போத்தலை எடுத்து விரலில தொட்டு அவள்ட கன்னத்துக்குள்ள பூசப் போனால், பல்லை இறுக்கிக் கடிச்சுக்கொண்டாள்.

"வாயைத் திற மகள்! திற!"

பல்லுக்கு நடுவால, "நோன்பு முறிஞ்சிரும் உம்மா" எண்டாள்.

அல்லாவே! பிரிஜ்ஜுக்குள்ள அவசரத்துக்கு வெச்சிருந்த, சீனிய ஏத்துற ஊசி மருந்தை எடுத்துக் கரைச்சு, சட்டைக்கு மேலாலயே துடையில அடிச்சன். இழுப்பு வருது வருது எண்டு அவள்ட முகத்தையே பாத்துக்கொண்டு குந்தினன். இந்த ஆறு வருசமாக் காத்த மூளை, இண்டைக்கு என்ட வாயால போகப் போகுது எண்டு மட்டும் தெரிஞ்சிச்சு. பத்து நிமிசம் கழிச்சுக் கண் என்னட்டத் திரும்பிச்சு.

அவள் முதல் சொன்னது இதுதான்: "அந்த மாமிக்கு வொய்ஸ் போட்டீங்களா உம்மா? நானும் நோன்பெண்டு?"

அவர் மில்லால ஓடி வந்தார், ஓட்டோவில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். மகள்ட உடுப்பு எடுக்கத் திரும்பி வந்த அவர், பின் வாசல் குரோட்டன் சாடிக்குள்ள மாப்பால் வெள்ளையாக் காஞ்சு கிடக்கிறதையும் தலகணிக்குக் கீழ பிஸ்கட்டையும் கண்டிருக்கார். என்னட்ட வந்து சொன்னார். ஏசல்ல. ஏசியிருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும்.

கையில குளுக்கோஸ் ஏற ஏற மகள் தெளிஞ்சாள். சீனி தொண்ணூறுக்கு வந்திச்சு, ஒரு பழுதும் இல்ல எண்டு டொக்டர் சொன்னார். ஆனாலும் அவள்ட முகம் விழுந்து கிடந்திச்சு. ஊசி போட்டதால நோன்பு போயிரிச்சாம்.

"உனக்கு நோன்பு கடமையில்ல மகள். சுகமில்லாத ஆக்களுக்கு அல்லாஹ் சலுகை தந்திரிக்கான்" எண்டன்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தானே ஆசை."

அவளுக்கு ஏதாவது குடுக்க வேணும் போல இருந்திச்சு. "நீ ஏற்கனவே ஒரு நோன்பு புடிச்சிருக்காய், தெரியுமா? அந்த மாமிட மகனும் நீயும் ஒரே நாளில. அவனுக்கு முதல் நோன்பு இப்ப இல்ல, அண்டைக்குத்தான்" எண்டு ஸ்கேன் நாள் கதையச் சொன்னன். பதினொரு மாசத்தில அவள் பால் குடிக்காமக் கிடந்தது, கையில இதே மாதிரி ஊசி, விறாந்தையில நான் நடந்த நடை, எல்லாம். கொச்சிக்காய்ப் படத்தையும் புள்ளியையும் சொன்னன். கேக்கக் கேக்க அவள்ட முகம் வெளிச்சிச்சு. பிறகு மதரசாவில ஓதின புள்ள எண்டதைக் காட்டினாள்.

"இன்னதுக்காகப் புடிக்கிறன் எண்டு மனசில நிய்யத்து வெச்சால்தானே நோன்பு கூடும்? சின்னப் புள்ளைக்கு நிய்யத்து வெக்கத் தெரியாதே."

"நான் வெச்சன் உனக்காக."

"என்னண்டு வெச்சீங்க?"

அந்தத் துப்பட்டியில கையேந்திக்கொண்டு நான் கேட்டது இதுதான்: யா அல்லாஹ், ஒரு புள்ளைக்குத்தான் புள்ளி எண்டால், அவட புள்ளைக்கு வேணாம், என்ட புள்ளைக்குக் குடு. பக்கத்தில அவ ரெண்டு புள்ளைக்கும் கேட்டு அழக்குள்ளதான் கேட்டன். இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல.

"உனக்குச் சுகம் வேணுமெண்டு வெச்சன்" எண்டன்.

"அந்த மாமிட மகனுக்கும் கேட்டீங்களா?"

அவள் என்ட முகத்தையே பாத்துக்கொண்டு கிடந்தாள்.

"ஓம் மகள்" எண்டன். நான் நோன்போட இருந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னன்.